நிற்கும்போதே குறைகிற காற்று

எங்கள் தீயணைப்பு நிலையத்தில் யார் எப்படி மூச்சு விடுவார்கள் என்று கேட்டால் எண்ணாகவே சொல்லிவிடுவேன். பத்தொன்பது வருடமாகக் காற்றுச் சிலிண்டர் நிரப்பும் அறை என் பொறுப்பில் இருக்கிறது. புகைக்குள் போகிறவர்கள் முதுகில் மாட்டிக்கொள்ளும் சிலிண்டர் அது. முந்நூறு பார் அழுத்தத்துக்கு நிரப்பிக் கொடுப்பேன். வெளியே வந்ததும் மீட்டரில் மீதி எவ்வளவு என்று பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வேன். இடது பக்கம் ஆள், வலது பக்கம் அளவு.

ஆமை என்று நாங்கள் கூப்பிடுகிற ஆள் எட்டு மாடி ஏறி இறங்கினாலும் பாதிக் காற்றைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவார். ஏணிக்காரர் மாஸ்க்குக்குள்ளும் பேசிக்கொண்டே இருப்பவர். பேச்சுக்கே நாற்பது பார் போய்விடும். என் தங்கையின் கணவரும் இதே நிலையத்தில் உள்ளே போகிற அணியில்தான் இருந்தார். அவர் கணக்கு ஒன்பது வருடம் கோடு போட்டதுபோல் சீராக ஓடியது. யார் நோட்டைக் கேட்டாலும் அவர் பக்கத்தைத்தான் முதலில் காட்டுவேன், நம் வீட்டு ஆள் என்கிற பெருமையும் சேர்ந்து.

போன வருடம் ஒரு மெத்தைக் கிடங்கு எரிந்தது. அழுத்தம் ஐம்பத்தைந்துக்கு இறங்கினால் சிலிண்டரில் ஒரு விசில் தானாக அடிக்கத் தொடங்கும். நிதானமாக இருந்தால் அதன்பிறகு ஒன்பது நிமிடக் காற்று உண்டு. பதறினால் பாதிகூடக் கிடையாது. அந்தக் கிடங்குக்குள் மாப்பிள்ளைக்கு விசில் அடித்துவிட்டது, வழி தெரியவில்லை. இரண்டு நிமிடம் சுவரைத் தடவித் தடவி நின்று, கதவு கைக்குக் கிடைத்து வெளியே வந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. அன்று எல்லோரோடும் சிரித்துப் பேசி டீ குடித்தார். நானும் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். நோட்டு அப்படிச் சொல்லவில்லை. அடுத்த மாதத்திலிருந்து அவர் பக்கத்தில் மீதி குறைந்துகொண்டே வந்தது. தொண்ணூறு, எண்பது, எழுபது.

வருடத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் சோதனை உண்டு. நிலையத்துக்குப் பின்னால் இரண்டு மாடிகளோடு ஒரு புகை வீடு இருக்கிறது. ஜன்னல்களை அடைத்து, இயந்திரத்தால் புகை விட்டு நிரப்புவார்கள். கீழ்த்தளத்தைத் தவழ்ந்து தேடி, முதல் மாடியைத் தேடி, இரண்டாம் மாடியில் எங்கோ கிடக்கும் எழுபது கிலோ பொம்மையைக் கண்டுபிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். எல்லாம் விசில் அடிப்பதற்குள். அந்தப் பொம்மைக்கு நிலையத்தில் 'மாமனார்' என்று பெயர். எவ்வளவு இழுத்தாலும் அசையாது, ஒரு வார்த்தை ஒத்தாசையாகப் பேசாது என்று மாப்பிள்ளை வைத்த பெயர் அது. அவருடைய மாமனார் என் அப்பா என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் வைத்தார்.

மூன்று வாரத்துக்கு முன் நடந்த சோதனையில் அவருக்கு விசில் அடித்தபோது, மாமனார் முதல் மாடிப் படியில் தலைகீழாகக் கிடந்தார்.

இன்னொரு வாய்ப்பு உண்டு. அதிலும் தோற்றால் உள்ளே போகும் வேலை அதோடு சரி. கடை கடையாகப் போய்ச் சுவரில் மாட்டியிருக்கும் தீயணைப்புக் குடுவைகளைச் சோதித்துச் சீட்டு ஒட்டுகிற பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். அதுவும் மரியாதையான வேலைதான். ஆனால் அந்தப் பிரிவில் இருப்பவர்களை 'ஸ்டிக்கர்' என்று கூப்பிடும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தவரும் இதே மாப்பிள்ளைதான். இப்போது அந்தப் பெயர் அவர் வாசலிலேயே வந்து நின்றது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டாவது சோதனை என்று எழுதிப் போட்டார்கள்.

அந்தச் சோதனையின் எண்களையும் குறித்திருந்த நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்த்தேன். மாடி வாரியாகப் பார்த்தபோது ஒன்றும் புரியவில்லை. தவழ்வதிலும் ஏறுவதிலும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். பிறகுதான் முதல் வரி கண்ணில் பட்டது. மாஸ்க் போட்டதிலிருந்து வாசலைத் தாண்டும் வரை உள்ள மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடமும் ஆள் சும்மா நிற்கிறார். ஆமைக்கு அதில் ஆறு பார் செலவு. மாப்பிள்ளைக்கு இருபத்திநான்கு. ஒரு அடி எடுத்து வைக்காமல், ஒரு துரும்பைத் தூக்காமல், நின்ற இடத்திலேயே ஒரு மாடிக்கான காற்றில் முக்கால் பங்கைக் குடித்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனேன். அவர்கள் மூன்றாம் மாடியில் இருக்கிறார்கள், லிப்ட் கிடையாது. நான் இரண்டாம் மாடித் திருப்பத்தில் கம்பியைப் பிடித்து இளைத்துக்கொண்டு நிற்கும்போது, கீழிருந்து மாப்பிள்ளை ஏறி வந்தார். தோளில் முழு கேஸ் சிலிண்டர். காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன், அதில் யாரோடோ பேச்சு வேறு.

"என்ன மச்சான், பாதி வழியில கூடாரம் போட்டுட்டீங்க? தள்ளுங்க, அடுப்பு அணைஞ்சு போச்சுன்னு உங்க தங்கச்சி என்னைப் பத்த வைக்கிறதுக்குள்ள மேல போகணும்."

வீட்டுக்குள் சிலிண்டரை இறக்கி வைத்தபோது நெற்றியில் மட்டும் கொஞ்சம் வியர்வை. மூச்சு சீராக இருந்தது. கவசமும் காற்றுச் சிலிண்டரும் சேர்ந்தால் ஏறத்தாழ அதே எடைதான். படியும் படிதான்.

"இது எப்படி மாப்ள?" என்று கேட்டேன்.

"இதுல மீட்டர் இல்ல மச்சான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சொல்லி முடித்ததும் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திங்கட்கிழமை அவரை உடற்தகுதி பார்க்கும் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அந்த அம்மா அவரை ஒரு நின்ற இடத்துச் சைக்கிளில் உட்கார வைத்து, முகத்தில் மாஸ்க் மாட்டி, மூச்சை அளக்கும் இயந்திரத்தோடு இணைத்தார். முடிந்ததும் நீளமான தாளை எடுத்து மேஜையில் விரித்தார்.

"நுரையீரல் நல்லா இருக்கு. இதயமும் நல்லா இருக்கு. இதைப் பாருங்க. இந்த இடத்துலதான் நான் 'மிதிங்க'ன்னு சொன்னேன். மூச்சு எங்க ஏற ஆரம்பிச்சிருக்கு?"

கோடு அதற்கு ஒரு விரற்கடை முன்பே ஏறியிருந்தது.

"மிதிக்கிறதுக்கு முன்னாடியே" என்றேன்.

"கொஞ்சம் முன்னாடி ஏறுறது எல்லாருக்கும் உண்டு. காலுக்கு 'நட'ன்னு உத்தரவு போடும்போதே மூளை அதுக்கு ஒரு நகலை மூச்சுக்கும் அனுப்பிடும். கால் கேக்கட்டும், அப்புறம் குடுக்கலாம்னு உக்காந்திருக்காது. இவருக்கு என்னன்னா, உத்தரவே இன்னும் எழுதல, நகல் போயிடுது. அதுவும் பெரிய எழுத்துல."

"கால் ஏன் மேடம் பாதியிலயே கல்லாயிடுது?" என்று கேட்டார் மாப்பிள்ளை. "அன்னிக்குப் பொம்மைய இழுக்கும்போது கால்ல ஒண்ணுமே மிச்சம் இல்லாத மாதிரி இருந்துச்சு."

"மிச்சம் இருந்திருக்கும். இருக்கிற தெம்பு முழுசையும் மூளை வெளிய விடாது. இன்னும் எவ்வளவு தூரம், கையில எவ்வளவு இருக்குன்னு பார்த்துப் பார்த்துத்தான் விடும். பயம் வந்தா முடிச்சை இறுக்கிடும். உங்களுக்குக் கால் கனக்கும்."

"அப்ப என் மூளைதான் திருடனா?"

"திருடன் இல்லைங்க, வாட்ச்மேன். ரொம்ப ஜாக்கிரதையான வாட்ச்மேன். பூனை வந்தாலும் எல்லா லைட்டையும் போட்டுடறான்."

"அந்த ஆளை வேலைய விட்டு நிறுத்த முடியாதா?"

"நிறுத்தினா ஒருநாள் ஓடிக்கிட்டே செத்து விழுவீங்க. அவனுக்குச் சரியான தகவல் போகணும். அதுதான் வழி."

நான் அதை அங்கேயே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். என் பழக்கம் அப்படி.

செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில், நிலையத்தின் பின்படியில் வைத்து ஒரு பரீட்சை பார்த்தோம். மாப்பிள்ளை முழுக் கவசத்தோடு ஏறி இறங்கினார். மீட்டரை நான் துணியால் சுற்றிக் கட்டிவிட்டேன். ஆமை பக்கத்திலேயே நடந்து, அவ்வப்போது துணியை விலக்கி எண்ணைப் பார்த்து எனக்கு மட்டும் விரலால் காட்டினார். செலவு பழையபடி, ஒன்பது வருடக் கணக்குப்படி வந்தது. துணியை அவிழ்த்துவிட்டு மறுபடி ஏறச் சொன்னேன். பத்துப் படிக்கு ஒருமுறை மாப்பிள்ளையின் கை தானாக மீட்டரைத் தூக்கியது. பார்க்கப் பார்க்க மூச்சு ஏறியது. மூச்சு ஏற ஏற எண் இறங்கியது. எண் இறங்குவதைப் பார்த்து மூச்சு இன்னும் ஏறியது.

"கட்டியே விட்டுடலாம்" என்றார் ஆமை.

"சோதனையில ஒவ்வொரு படி முடிவுலயும் எண்ணைப் பார்த்து வயர்லெஸ்ல சொல்லணுமே" என்றேன். அது விதி. நல்ல விதியும்கூட.

வியாழக்கிழமை தங்கை போன் செய்தாள். அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். பின்னால் யாரோ இருமலுக்கு மாத்திரை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, நாளைக்கு நம்பர் எழுதுறது நீதானே?"

"நான்தான்."

"கொஞ்சம் பாத்து எழுதக் கூடாதா?"

"பாத்துதான் எழுதுவேன்."

"நான் என்ன சொல்றேன்னு உனக்குப் புரியுது. புரியாத மாதிரி பேசாதே. அவர் இப்பல்லாம் சாப்பிடும்போதுகூட ஏதோ கணக்குப் போட்டுக்கிட்டே மெல்றார். அந்த வேலை போச்சுன்னா மனுஷன் உள்ளுக்குள்ளேயே உக்காந்துடுவாரு."

"நான் எழுதுற நம்பரை நம்பித்தாம்மா ஆளுங்க உள்ள போறாங்க. அவரும்தான்."

"சரி, வை. ஆள் நிக்குது" என்று வைத்துவிட்டாள்.

அவளிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு. மாப்பிள்ளை தோற்றுவிடுவாரோ என்பது என் ஒரு பயம். பொய்யாக ஜெயித்துவிட்டு, பிறகு உண்மையான புகையில் நின்ற இடத்திலேயே காற்றைத் தீர்த்துவிட்டால் என்ன ஆவது என்பது இன்னொரு பயம். இரண்டும் ஒரே எடையில் இருந்தன. ஒன்றை இறக்கி வைத்தால் மற்றது தோளில் ஏறிக்கொண்டது.

சிலிண்டர் நிரப்புவதில் எனக்கென்று ஒரு முறை உண்டு. அவசரமாகக் காற்றை ஏற்றினால் சிலிண்டர் சூடாகிவிடும். சூட்டில் காற்று விரிந்து மீட்டர் முந்நூறு என்று காட்டும். ஆறினால் இருநூற்று எழுபதுக்கு வந்து நிற்கும். முப்பது பார் எங்கும் போகாது, முதலிலேயே இருந்ததில்லை. அதனால் மெதுவாக நிரப்பி, ஆறவிட்டு, மறுபடி மேலே கொஞ்சம் ஏற்றிக் கொடுப்பேன். புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லுவதும் இதுதான். வியாழக்கிழமையே பதினான்காம் எண் சிலிண்டரை அப்படி நிரப்பி, ஆறவைத்து, 'சோதனைக்கு' என்று அட்டை கட்டித் தனியாக வைத்தேன்.

வெள்ளிக்கிழமை எட்டே முக்காலுக்கு மணி அடித்தது. ஏதோ ஓட்டல் சமையலறையில் புகை. அவசரத்தில் யாரோ பதினான்கையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அட்டை மட்டும் தரையில் கிடந்தது. ஒன்பதரை தாண்டி வண்டி திரும்பியபோது எல்லாமே காலி. இரண்டாம் வண்டியில் இருப்பவற்றை அவசர அழைப்புக்கும், சோதனையில் பாதுகாப்புக்குப் போகிறவருக்கும் அல்லாமல் தொடக் கூடாது.

நான் சோதனை நடத்தும் அலுவலரிடம் போய், "சார், ஒரு மணி நேரம் தள்ளி வையுங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். அறை வாசல்வரை போனேன். எதிரே பெஞ்சில் மாப்பிள்ளை முழுக் கவசத்தோடு உட்கார்ந்திருந்தார். இடது முழங்கால் தையல் இயந்திரம்போல் ஆடிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் இந்த ஆளை இப்படி உட்கார வைப்பதா என்று தோன்றியது. திரும்பி வந்து கம்ப்ரஸரைப் போட்டு வால்வை முழுசாகத் திறந்துவிட்டேன். ஆறே நிமிடத்தில் முந்நூறு. கழற்றும்போது கை சூட்டை உணர்ந்தது. ஆனால் அந்த நேரத்தில் என் கை, கழுத்து, காது எல்லாமே சூடாகத்தான் இருந்தன. பத்தொன்பது வருடப் பாடம் அந்தச் சூட்டில் எங்கே போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

புகை வீட்டு முன்னால் தூறிக்கொண்டிருந்தது. அலுவலர் ஒரு கையில் குடையும் மறு கையில் நேரம் பார்க்கும் கடிகாரமுமாக நின்றார். நான் போர்டின் முன் உட்கார்ந்தேன். உள்ளே போகிறவர் சொல்லும் எண்ணை அப்படியே திருப்பிச் சொல்லி எழுதுவதுதான் போர்டுக்காரன் வேலை. அதற்குமேல் ஒரு வார்த்தை பேசினால் அது உதவி. உதவி பெற்ற சோதனை தோல்வி என்றே பதிவாகும்.

மாப்பிள்ளை மீட்டரைப் பார்த்து, "இருநூத்தித் தொண்ணூத்தாறு" என்றார். எழுதினேன். அவருக்குப் பின்னால் பாதுகாப்புக்கு ஆமையும் போவார்; ஆனால் உதவ மாட்டார். ஆமை அவர் எண்ணைச் சொன்னார். இருவரும் கிளம்பும் நேரத்தில் புகை இயந்திரம் இருமி நின்றுவிட்டது.

அதைச் சரிசெய்யப் பதினோரு நிமிடம் ஆயிற்று. வால்வை மூடிவிட்டு இருவரும் தூறலில் நின்றார்கள். மாப்பிள்ளையின் முதுகில் மழை விழுந்துகொண்டிருந்தது. சிலிண்டர்மேலும்தான். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

"மறுபடி மீட்டர் பாக்கணுமா சார்?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"நம்பர் போர்டுல இருக்குல்ல. போங்க" என்றார் அலுவலர்.

மாஸ்க்கைப் போட்டு உள்ளே போனார்கள். கதவு மூடியது. கீழ்த்தளத்துக்கு மூன்று நான்கு நிமிடம் ஆகும். நான் பென்சிலைச் சீவினேன். அது ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது. வயர்லெஸ்ஸில் மூச்சுச் சத்தம் வந்தது. மாப்பிள்ளையின் மூச்சு மோசமாக இல்லை, நான் பயந்த அளவுக்கு இல்லை.

"முதல் மாடிப் படி முடிவு" என்றார். அப்புறம் ஒரு இடைவெளி. "இருநூத்தி... முப்பத்திரண்டு."

"இருநூற்று முப்பத்திரண்டு" என்று திருப்பிச் சொல்லி எழுதினேன். எழுதிய பிறகுதான் படித்தேன். அறுபத்துநான்கு பார் போயிருந்தது. அவருடைய மிக மோசமான நாளில்கூடக் கீழ்த்தளத்துக்கு நாற்பதைத் தாண்டியதில்லை. பின்னாலேயே ஆமையின் எண் வந்தது. அவருக்கு வழக்கம்போல் பதினெட்டுதான் குறைந்திருந்தது.

வயர்லெஸ்ஸில் மாப்பிள்ளையின் மூச்சு மாறியது. ஒவ்வொரு மூச்சும் முந்தையதை இடித்துக்கொண்டு வந்தது. ஆள் நகரும் சத்தம் இல்லை, நின்றுவிட்டார். மீட்டரைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

அப்போதுதான் என் உள்ளங்கைக்கு அந்தச் சூடு நினைவு வந்தது.

போர்டின் ஓரத்தில் கணக்குப் போட்டேன். ஆறியதில் முப்பது, முப்பத்திரண்டு போயிருக்கும். மீதி முப்பத்திரண்டுதான் அவர் மூச்சு. மெத்தைக் கிடங்குக்கு முந்தைய நாட்களின் மூச்சு அது. பதினொரு மாதத்தில் முதல் தடவையாக ஒழுங்காக மூச்சு விட்டுவிட்டு, அந்த மனிதர் புகைக்குள் நின்று தான் கெட்டுப்போனதாக நம்பிக்கொண்டிருந்தார். நான் பேசாமல் இருந்தால் இன்னும் பத்து நிமிடத்தில் விசில் அடித்துவிடும். பேசினால் தோல்வி என்று பதிவாகிவிடும். இரண்டு பக்கமும் ஒரே கதவு.

"சார்" என்றேன். "சிலிண்டரை நான் சூடா ரொப்பிட்டேன். ஆறினதுல முப்பது பார் இறங்கியிருக்கு."

அலுவலர் குடையைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். "நீங்களா?"

"நான்தான் சார்."

"இதை இப்பச் சொல்றீங்க!"

"இப்பத்தான் சார் தெரிஞ்சுது. அவர்ட்டச் சொல்லணும்."

"வெளிய வரச் சொல்றேன். நீங்க ஒரு வார்த்தை பேசினாலும் தோல்விதான், தெரியும்ல?"

வெளியே வரச் சொன்னால் எதற்காக என்று அவருக்குத் தெரியாது. தன்னால் முடியவில்லை, அதனால் கூப்பிடுகிறார்கள் என்று நினைப்பார். அந்த நினைப்போடு படி இறங்குவார், அந்த நினைப்போடே வாழ்வார். நான் பொத்தானை அழுத்திவிட்டேன்.

"மாப்ள, அது உன் மூச்சு இல்ல. சிலிண்டரைச் சூடா ரொப்பிக் குடுத்துட்டேன். முப்பத்திரண்டு பார் நீ குடிக்கல. நான்தான் குறைச்சுக் குடுத்தேன். நீ நல்லாத்தான் மூச்சு விட்டுட்டு இருக்கே. நோட்டுல இருக்கிற பழைய கணக்கு மாதிரியே."

அவ்வளவு நீளமாக வயர்லெஸ்ஸில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

இரண்டு மூச்சு வேகமாக வந்தது. மூன்றாவது நீளமாக வந்தது. பிறகு மாஸ்க்குக்குள்ளிருந்து ஏதோ ஒரு சத்தம். அழுகையா இருமலா என்று தெரியவில்லை.

"மச்சான்" என்றார். "நீங்களா சூடா ரொப்பினீங்க?"

"நானேதான்."

"ஊருக்கெல்லாம் வகுப்பு எடுப்பீங்களே!"

சிரித்திருக்கிறார். அலுவலர் என் கையிலிருந்து வயர்லெஸ்ஸை வாங்கினார். "சோதனை முடிஞ்சுது. ரெண்டு பேரும் வெளிய வாங்க."

"சார், மாமனார் மேல கிடக்கார்" என்றார் மாப்பிள்ளை. "விட்டுட்டு வந்தா வீட்டுல பேச்சு வாங்கணும். காத்து இருக்கு சார். எடுத்துட்டு வந்துடறேன்."

அலுவலர் ஆமையிடம் எண் கேட்டார், மாப்பிள்ளையிடம் மறுபடி எண் கேட்டார். இருநூற்றுப் பதினெட்டு. நின்ற இடத்திலேயே பதினான்கு போயிருந்தது. அவர் போர்டையும் கடிகாரத்தையும் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "இது கணக்குல வராது. பயிற்சிக்குன்னு வச்சுக்கறேன். நூறு வந்ததும் கூப்பிட்டு எச்சரிங்க" என்று வயர்லெஸ்ஸை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு வந்த எண்களை நான் ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறேன், போர்டில் பார்த்தால் தெரியும். ஆனால் எழுதியது நினைவில்லை. நூற்று எண்பத்தொன்று. நூற்று முப்பத்தாறு, பொம்மை கிடைத்தது. படியில் எழுபது கிலோ இடிபடும் சத்தம். அந்த இடத்தில்தான் போன தடவை கால் கல்லாகியது. நூற்றொன்று. "நூறு கிட்ட வந்தாச்சு" என்றேன். "தெரியும், மாமனார் அசைய மாட்டேங்கறார்" என்றார். பிறகு மூச்சு மட்டும் கேட்டது. பெரிய மூச்சுதான், உழைக்கிற ஆளின் மூச்சு. ஒன்றையொன்று இடிக்காமல் வந்தது.

கதவு திறந்து முதலில் பொம்மையின் கால்கள் வந்தன, பிறகு குனிந்தபடி மாப்பிள்ளை. விசில் அடிக்கவில்லை. நான் ஓடிப்போய் மீட்டரைப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு.

நிமிர்ந்தபோது எனக்குத் தலை சுற்றியது. நாற்காலியில் உட்கார்ந்து பென்சில் பிடித்ததைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன், மூன்று மாடி ஏறியவன்போல. ஆமை மாஸ்க்கைக் கழற்றிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களுக்கு எத்தனை பார் ஆச்சு?" என்று கேட்டார்.

சோதனை தோல்வி என்றுதான் அலுவலர் எழுதப் போனார். விதியில் ஒரு வழிதான் இருந்தது: கருவியில் குறை என்று பொறுப்பாளர் கையெழுத்திட்டுக் கொடுத்தால் சோதனையே நடக்கவில்லை என்று ஆகிவிடும், புதிதாக நடத்தலாம். நான் அங்கேயே தாள் கேட்டு வாங்கி எழுதினேன். எத்தனை மணிக்கு, எந்த எண் சிலிண்டர், எத்தனை நிமிடத்தில் நிரப்பினேன், ஆறவிடவில்லை, ஆறவிட வேண்டும் என்று எனக்குத் தெரியும், இவர் என் தங்கை கணவர், அதனால் பதறினேன் என்பதுவரை எழுதினேன். அலுவலர் இரண்டு தடவை படித்தார்.

"கடைசி வரி தேவையா?"

"நடந்தது அதுதானே சார்."

"இதுக்கு உங்களுக்கு என்ன வரும்னு தெரியுமா?"

தெரியும் என்றேன். தெரிந்தபடியே வந்தது. மூன்று மாதம் நிரப்பும் அறைக்குள் கால் வைக்கக் கூடாது. வேறு பிரிவில் வேலை.

எந்தப் பிரிவு என்று காதில் விழுந்ததும் மாப்பிள்ளை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கை ஈரமாக இருந்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு மறு சோதனை. சிலிண்டர் நிரப்பியது ஆமை. சனிக்கிழமையே தொடங்கிவிட்டாராம். நான் அந்த நேரத்தில் ஒரு துணிக்கடையின் முதல் மாடியில் இருந்தேன். சுவரில் மாட்டிய சிவப்புக் குடுவையைக் கழற்றி, எடை பார்த்து, முனையைத் துடைத்து, சீட்டு ஒட்ட வேண்டும். ஒட்டிய சீட்டு கோணலாகப் போனது. உரித்து இன்னொன்று எடுத்தேன். அதுவும் கோணல். பத்து இருபது. பத்தே முக்கால். அங்கே போர்டில் யார் எழுதுகிறார்களோ, சரியாகத் திருப்பிச் சொல்கிறார்களோ என்று கை போனிடம் போய்ப் போய் வந்தது.

பத்து ஐம்பத்திரண்டுக்கு அடித்தது.

"மச்சான்" என்றார். இன்னும் இளைத்துக்கொண்டிருந்தார். பின்னால் ஏணிக்காரர் எதையோ சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"முதல்ல இதைச் சொல்லு. நின்னப்போ எவ்வளவு?"

"எடுத்ததும் அதையா கேப்பீங்க? பதினாறு."

பதினாறு. இருபத்திநான்கு இல்லை. ஆறும் இல்லை.

"மீட்டரை எத்தனை தடவை பார்த்தே?"

"பாத்தேன், பாத்தேன். நிறையத் தடவை பாத்தேன். பாக்கறப்பல்லாம் உங்க குரல் கேட்டுச்சு. மூளைக்குள்ள உக்காந்து வகுப்பு எடுக்கறீங்க, தொல்லை. வெளிய வரும்போது எழுபத்தொண்ணு. போதுமா? வீட்டுக்குப் போன் பண்ணணும், வைக்கிறேன். அப்புறம், ஸ்டிக்கர் நேரா ஒட்டுறீங்களா?"

வைத்துவிட்டார். நோட்டு நிலையத்தில் இருந்தது. கையில் இருந்த கோணல் சீட்டின் பின்பக்கம் பதினாறு, எழுபத்தொன்று என்று எழுதிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கடைக்காரர் துணி அளக்கும் கோலோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, இப்படி மூச்சு வாங்குது? ஒரு மாடிதானே ஏறினீங்க. தண்ணி குடுக்கச் சொல்லட்டுமா?"

"படி ஏறினதுல இல்லீங்க" என்றேன்.

அவர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நான் உட்கார்ந்து குடித்தேன்.